பார்த்தாச்சு என்றொரு முத்திரை

டப். டப். டப்.

கூலாயில் ஒரு கிளினிக்கில் முழங்காலைக் காட்டுவதற்காக உட்கார்ந்திருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் ஒரு கட்டு வெள்ளைத் தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். தாள்களில் இன்னும் யார் பெயரும் எழுதியிருக்கவில்லை. நாளைக்கு வரப்போகும் காய்ச்சல்களுக்கும் நாளை மறுநாள் வரப்போகும் வயிற்றுப்போக்குகளுக்கும் இன்றைக்கே மருத்துவ விடுப்பு தயாராகிக்கொண்டிருந்தது. கண் தொலைக்காட்சியில். கை மட்டும் மைப்பெட்டிக்கும் தாளுக்கும் போய்ப் போய் வந்தது. விசிறி அந்த மையின் வாடையை என் பக்கம் தள்ளிவிட்டது. ஊதா வாடை. நிறத்துக்கு வாடை உண்டா என்று கேட்காதீர்கள், ஊதாவுக்கு உண்டு.

என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்களாம். மூன்றாவது முறை பக்கத்தில் இருந்த சீனக் கிழவர் என்னை உலுக்கினார். நான் அப்போது செனாயில் இருந்தேன். எனக்கு வயது இருபத்தொன்று. முழங்கால் நன்றாக இருந்தது.

எனக்கும் ஒரு முத்திரை இருந்தது. மேலே புலியும் பிறையும் உள்ள அரசாங்க முத்திரை இல்லை. கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு மரக்கட்டை, அடியில் ரப்பர். வட்டத்துக்குள் ஆங்கிலத்தில் ‘செக்ட்’ என்று ஒரு சொல், அதன் கீழே இருபத்தாறு என்று ஓர் எண். கேசட் ரேடியோவுக்குள் வைக்கிற பச்சைப் பலகைகளைச் செய்த ஒரு செனாய் பெக்டரியில் எனக்குக் கொடுத்தது. நான் செக்கர். வட்ட விளக்கின் நடுவில் பூதக்கண்ணாடி, அதன் கீழே பலகை. ஈயம் சரியாக ஒட்டியிருக்கிறதா, கம்பி நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்ப்பது வேலை. இருபது பலகை ஒரு தட்டு. தட்டைப் பார்த்து முடித்தால் ஒரு சீட்டில் டப். சீட்டைத் தட்டில் சொருகினால் அது போய்விடும். எங்கே போகும் என்று எங்களுக்குத் தெரியாது. உலகத்துக்குப் போகும்.

வேலை கிடைத்த முதல் வாரம் அந்தச் சொல்லை அகராதியில் தேடினேன். எனக்கு அப்படி ஒரு வியாதி, சிறுவயதிலிருந்து. மற்றவர்கள் புதுச் செருப்பை எடுத்து முகர்ந்து பார்ப்பதைப் போல நான் சொல்லை எடுத்து முகர்ந்து பார்ப்பேன். பள்ளியில் பரிசாக வந்த ஆங்கில–தமிழ் அகராதி சொன்னது: தடு, நிறுத்து, அடக்கு, கடிவாளம் இடு. பிறகு சதுரங்கத்தில் அரசனுக்கு நெருக்கடி. பிறகு கட்டம் போட்ட துணி. சரிபார் என்பது ரொம்பப் பின்னால், கூட்டத்துக்குத் தாமதமாக வந்து வாசலில் நிற்பவனைப் போல நின்றது. எனக்கு ஏமாற்றம். பார்ப்பதற்குத்தான் என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அகராதியைக் கேட்டால், தடுப்பதற்கு.

அப்பாவிடம் சொன்னேன். அவர் செடெனாக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ‘செக்’ என்ற சொல்லை என்னைவிட முப்பது வருடம் முன்பே அறிந்தவர். தோட்டத்தில் பேர் பதியும் புத்தகத்துக்குச் செக்ரோல் என்று பெயர். விடியற்காலை பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். செக்ரோலில் பேர் இருந்தால் ஆள் உண்டு. பேரை வெட்டிவிட்டால், ஆள் எதிரே மூச்சு விட்டுக்கொண்டு நின்றாலும் இல்லை.

“அப்ப நீ செக்ரோல் எழுதுற கிராணி மாதிரியா?” என்றார்.

“இல்லப்பா, நான் பலகைய செக் பண்றவ.”

“பலகைக்குப் பேர் போடுறியா?”

“பலகைக்கு ஏதுப்பா பேரு?”

“பெறகு என்னாத்த செக்கு” என்று சொல்லிவிட்டு வெற்றிலை மடிக்கப் போய்விட்டார். அவரைப் பொறுத்தவரை பேர் இல்லாத இடத்தில் செக் கிடையாது. ஒரு வகையில் அகராதியைவிடச் சரியாகச் சொன்னார். ஆனால் அது எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்த நாட்களில் இந்தச் சொல் எங்களைச் சுற்றிப் பல வேடங்களில் அலைந்தது. கூலாய் பஸ்ஸில் காக்கிச் சட்டைக்காரர் ஏறினால் “செக்கர், செக்கர்” என்று பின் இருக்கை வரைக்கும் ஓர் அலை போகும். டிக்கெட் வைத்திருப்பவர்களும் பயப்படுவார்கள். பெக்டரி வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா எங்கள் பைகளை ஒரு குச்சியால் செக் பண்ணுவார். பலகையைத் திருடுகிறோமா என்று பார்க்கத்தான் அவரை வைத்திருந்தார்கள். அவர் குச்சி எப்போதும் சாப்பாட்டு டப்பாவில் போய்த்தான் நிற்கும். “இன்னிக்கி என்னா கறி?” என்று மலாயில் கேட்பார். ஒரு முறை என் பையில் நிஜமாகவே ஒரு கழிவுப் பலகை இருந்தது, தம்பிக்குக் காட்ட எடுத்துப்போனேன். அவர் அதை நகர்த்திவிட்டுக் கருவாட்டை விசாரித்தார்.

தமிழில் நாங்கள் “பாத்தாச்சு” என்போம். மலாய்ப் பெண்கள் “சுடா செக்” என்பார்கள். இரண்டிலும் ஆள் இல்லை என்பதைக் கவனியுங்கள். மழை விட்டாச்சு என்பதைப் போல, பார்வை தானாக வந்து தானாகப் போய்விட்டது. முத்திரையின் கீழே எண் போட்டிருந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். கம்பெனிக்குப் பார்வையில் நம்பிக்கை இல்லை, பார்ப்பவளின் எண்ணில் நம்பிக்கை இருந்தது.

இருபத்தாறு நான். இருபத்தேழு பிலோ.

முழுப் பெயர் பிலோமினா. பாலோ ஊர்க்காரி. என் இடது முழங்கைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட நாலு மாதம் மூத்தவள் என்பதை வாரத்துக்கு ஒரு முறை ஞாபகப்படுத்துவாள். காலையில் முதல் பலகையை விளக்கின் கீழே வைக்கும் முன் சிலுவை போட்டுக்கொள்வாள். பலகைக்கா தனக்கா என்று கேட்டேன். “ஜப்பான்காரனுக்கு” என்றாள். பெக்டரி ஜப்பான்காரருடையது.

ஈய வேலையில் ஒரு குறை உண்டு. ஒட்டினாற்போலவே பளபளவென்று இருக்கும், ஆனால் உள்ளே ஒட்டியிருக்காது. நாங்கள் அதைக் ‘காஞ்ச ஒட்டு’ என்போம். அதைக் கண்டுபிடிப்பதில் லைனில் பிலோவை மிஞ்ச ஆள் கிடையாது. பலகையைச் சற்றுச் சாய்த்துப் பார்ப்பாள், அவ்வளவுதான், “இந்தா, காஞ்சது” என்று ஒதுக்குவாள். பலகையோடு நிற்க மாட்டாள். கேன்டீனில் புதிதாகக் கல்யாணமான ஜோடியைப் பார்த்தாலும் தலையைச் சாய்ப்பாள்.

“என்னாடி பாக்குற?”

“செக் பண்றேன் லா.”

“பாஸா?”

“மேல பளபளன்னு இருக்கு. ஆறு மாசம் ஓட விட்டுப் பாப்போம்.”

நான் சீட்டுகளின் பின்பக்கத்தில் எதையாவது கிறுக்கிக்கொண்டிருப்பேன். அதைக் கவிதை என்று அப்போது நம்பினேன். அவள் பிடுங்கி வாசித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, கவிதாயினி. ஆனா எங்கயும் ஒட்டல” என்பாள். அதற்குப் பிறகு என் எழுத்தைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். யாரும் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

பிலோவுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எனக்கு ஆகியிருந்தது. நான் ஒன்றும் கெட்டிக்காரி இல்லை, ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவள், அவ்வளவே. அவளுக்கு அந்தக் கடிதம் வெறும் கடிதம் இல்லை. பாலோவில் அவளுடைய அண்ணன் ஒரு மளிகைக்கடை வைத்திருந்தார். கல்லாவில் அண்ணி. இந்த வருடம் வேலை நிரந்தரமாகாவிட்டால் ஊருக்கு வந்து கடையில் நிற்க வேண்டும் என்பது அண்ணன் போட்ட நிபந்தனை. செனாயில் நாலு பெண்கள் சேர்ந்து எடுத்திருந்த வாடகை வீடு, ஞாயிற்றுக்கிழமைக் கோயில் பாட்டுக் குழு, சொந்தமாக வாங்கிய ஒரு சின்ன மேசை விசிறி, எல்லாம் அந்தக் கடிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

“அண்ணி கூட நாள் பூரா ஒரே கடையில நிக்கிறதா? இந்த ஈயப் பொகைய மோந்துகிட்டே செத்துருவேன்டி” என்பாள்.

இனி ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எந்தக் காகிதத்திலும் எழுதாத பழக்கம். காலையில் லைன் ஓட ஆரம்பிக்கும் முன் பத்து நிமிடம் சும்மா இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் அன்றைக்கு முழுவதும் தேவைப்படும் சீட்டுகளை அடுக்கி, தேதி எழுதி, டப் டப் என்று முத்திரை குத்தி டிராயரில் போட்டுக்கொள்வோம். தட்டு ஒவ்வொன்றுக்கும் மைப்பெட்டியைத் திறந்து மூடினால் நேரம் போகுமல்லவா? அதனால் ஒரு பலகை கூட லைனில் இறங்காத காலை நேரத்தில், எங்கள் டிராயர்களில் முப்பது நாற்பது தட்டுகள் பார்க்கப்பட்டுத் தயாராக இருந்தன. யாரும் இதைத் தப்பு என்று நினைக்கவில்லை. லைன் லீடர் காக் ரொக்கியாவே, “சோப்பு மூடி, சீட்டு குத்திட்டியா?” என்று கேட்பார். சோப்பு மூடி என்றால் நான். என் முக வடிவம் அப்படி என்று அவருடைய தீர்ப்பு.

சிங்கப்பூரில் ஒரு பெக்டரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பிலோ கேள்விப்பட்டாள். ஜோகூர் பாருவில் ஒரு ஹோட்டலில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நேர்முகம்.

“அங்க செக்கர் நாற்காலிக்கெல்லாம் முதுகு இருக்காம்டி” என்றாள். நாங்கள் உட்கார்ந்திருந்தது முதுகில்லாத ஸ்டூல். “சாஞ்சுக்கிட்டே பாக்கலாமாம்.”

“லீவு கேளேன்.”

“கன்ஃபர்ம் ஆவுற மாசத்துல லீவா? அலமாக், நீ வேற. ரெண்டு மணி நேரம். சாப்பாட்டு நேரத்துல போயிட்டு ஓடி வந்துர்றேன். காக் ரொக்கியாவுக்கு அன்னிக்கி பக்கத்துக் கட்டடத்துல மீட்டிங். என் தட்டையும் நீ பாத்துர்றியா?”

“பாத்துர்றேன்.”

“என் டிராயர்ல சீட்டு குத்தி வச்சிருக்கேன்.”

அப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை இருபத்தேழாம் எண் முத்திரை பிலோவின் சட்டைப்பையில் ஜோகூர் பாருவுக்குப் பஸ் ஏறியது, அதன் வேலை மட்டும் செனாயில் நடந்தது. ஜாகாவிடம் கிளினிக் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் அவள் பையையும் குச்சியால் துழாவி, சாப்பாடு இல்லாததைக் கண்டு வருத்தப்பட்டாராம்.

முதல் மணி நேரம் நன்றாகப் போனது. என் தட்டு ஒன்று, அவள் தட்டு ஒன்று. ஸ்டூலை இரண்டு மேசைக்கும் நடுவில் போட்டுக்கொண்டு இடதும் வலதுமாகக் குனிந்தேன். என் தட்டுக்கு இருபத்தாறு, அவள் தட்டுக்கு இருபத்தேழு. இரண்டு ஆளாக இருப்பது எனக்குப் பிடித்துக்கூட இருந்தது. இரண்டாவது மணி நேரத்தில் தட்டுகள் தேங்க ஆரம்பித்தன. அவள் வரவில்லை. மூன்றாவது மணி நேரத்தில், லாரிக்கு நேரமாகிறது என்று அட்டைப்பெட்டி கட்டும் ஆள் வந்து ஜன்னல் கண்ணாடியைத் தட்டினான். என் கண் எரிந்தது. பூதக்கண்ணாடியில் ஈயப் புள்ளிகள் எல்லாம் ஒன்றாகிப் பால் போலத் தெரிந்தன.

இங்கே நான் உங்களிடம் கொஞ்சம் மெதுவாகப் பேச வேண்டியிருக்கிறது.

அவள் பக்கத்தில் நாலு தட்டு மிச்சம் இருந்தது. எண்பது பலகை. நான் அவற்றை விளக்கின் கீழே வைக்கவில்லை. டிராயரைத் திறந்தேன், நாலு சீட்டை எடுத்தேன், நாலு தட்டிலும் சொருகினேன், தள்ளிவிட்டேன். அவ்வளவு நேரம்தான் ஆனது, இந்த வாக்கியத்தை வாசிக்கிற நேரம். களைப்பு என்று சொல்லலாம். லாரி என்று சொல்லலாம். இன்னொன்றும் இருந்தது. முதுகு உள்ள நாற்காலியில் அவள் சாய்ந்துகொண்டிருப்பதாக ஒரு காட்சி எனக்குள் வந்தது. நான் குனிந்துகொண்டிருந்தேன். என் சொந்தத் தட்டுகளை ஒன்று விடாமல் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பார்க்காமல் விட்ட நாலும் இருபத்தேழு.

அவள் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தாள்.

“என்னா ஆச்சி?”

“கூப்புடுறோம்னு சொன்னாங்க. நாற்காலிய காட்டவே இல்ல.” ஸ்டூலில் உட்கார்ந்து மேசையைப் பார்த்தாள். மேசை சுத்தமாக இருந்தது. “எல்லாத்தையும் பாத்துட்டியா? நீ சாமிடி.”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போதும் என் முகத்தில் தொட்டுப் பார்க்க முடிகிறது, வாயின் வலது மூலையில் இருக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் காக் ரொக்கியா கையில் ஒரு சீட்டோடு வந்து நின்றார். எப்போதும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வருகிற அவர் அன்றைக்கு முணுமுணுக்கவில்லை. வாங்கிய கம்பெனி ஓர் அட்டைப்பெட்டியை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டது. ஒரே தட்டில் பதினோரு பலகை காய்ந்த ஒட்டு.

“சியாப்பா செக்?” என்று கேட்டார். யார் பார்த்தது?

மலாயில் அந்தக் கேள்விக்கு இரண்டே சொல். ஆள் முன்னால் வந்துவிடுகிறது, தப்பிக்க இடமில்லை. அவர் சீட்டைத் திருப்பினார். ஊதா வட்டம். இருபத்தேழு.

பிலோ சீட்டை வாங்கினாள். முதலில் எண்ணைப் பார்த்தாள், பிறகு தேதியைப் பார்த்தாள். தேதியில் அவள் கண் நின்றது. என் பக்கம் திரும்பவில்லை. “சாயா, காக்” என்றாள். நான்தான், அக்கா.

பத்து மணி இடைவேளையில் அவளை லாக்கர் அறைக்கு இழுத்துப் போனேன். சப்பாத்து வாடை அடிக்கும் அறை. இரண்டு பேரும் நீல அங்கியில், தலையில் வலைத்தொப்பியோடு நின்றோம்.

“நான் போய்ச் சொல்லிடுறேன்டி. அன்னிக்கி நான்தான் உக்காந்தேன்னு சொல்லிடுறேன்.”

“சொல்லி?”

“நீ பாக்கலன்னு தெரிஞ்சிரும்ல?”

“தெரிஞ்சா, அப்ப நீ எங்க போனன்னு கேப்பாங்க. வேலை நேரத்துல கம்பெனிய விட்டுப் போனதுக்கு என்னைய நிறுத்துவாங்க. அடுத்தவ சீட்டுல வேல பாத்ததுக்கு உன்னையும் நிறுத்துவாங்க. ஒரு தட்டுக்கு ரெண்டு பேரா? கம்பெனிக்கே கட்டாது லா.”

“பிலோ…”

“உனக்குக் கன்ஃபர்ம் ஆயிருச்சி. எனக்குத்தான் தொங்குது. தொங்குறத வெட்டுனா சத்தம் வராது. நீ வாயத் தொறக்காத.” பிறகு என் வலைத்தொப்பியைச் சரிசெய்தாள். “மூஞ்சிய அப்படி வச்சிக்காத. நிஜமாவே சோப்பு மூடி மாதிரி இருக்கு.”

நான் சொல்ல வந்தது அது மட்டும் இல்லை. நான் உட்கார்ந்தேன் என்பது அவளுக்குத் தெரியும். உட்கார்ந்து பார்க்கவில்லை என்பது தெரியாது. பார்த்தும் தவறிவிட்டது என்று நினைத்தாள், கண் உள்ள யாருக்கும் நடக்கிற தவறு என்று. அந்தத் தவறுக்காகத்தான் தன் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வாக்கியம், அதற்கு ஒரு நிமிடம் கூட வேண்டாம். மணி அடித்தது. லைன் ஓட ஆரம்பித்துவிட்டது. நான் நல்ல தொழிலாளி, மணி அடித்தால் போய்விடுவேன்.

அலுவலகத்தில் அவளைத் திட்டக்கூட இல்லையாம். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது என்றார்களாம். “அந்த நாற்காலிக்கு முதுகு இருந்துச்சிடி” என்று வந்து சொன்னாள். “கடைசியில சாஞ்சிட்டேன்.”

அந்த மாதக் கடைசி வரைக்கும் பத்து நாள் இருந்தது. பத்து நாளும் என் இடது முழங்கைக்கு அந்தப் பக்கம் அவள் இருந்தாள். சிலுவை போட்டாள், பலகையைச் சாய்த்தாள், ஒதுக்கினாள். முன்னைவிட அதிகமாகவே ஒதுக்கினாள். நான் தினமும் அந்த வாக்கியத்தை வீட்டிலிருந்து தயாரித்துக் கொண்டுவந்தேன். செடெனாக்கிலிருந்து பெக்டரி பஸ்ஸில் வரும்போது அது முழுதாக இருக்கும். செனாய் வரும்போது பாதியாக இருக்கும். ஜாகா குச்சியால் பையைத் துழாவி முடிக்கும்போது என்னிடம் ஒன்றும் இருக்காது.

அடுத்த வருடம் என்னை லைன் லீடர் ஆக்கினார்கள். காக் ரொக்கியா பதவி உயர்ந்து மேலே போனார். நான் செய்த முதல் காரியம், காலையில் சீட்டு குத்தி வைக்கக் கூடாது என்று தடை போட்டது. தட்டைப் பார்த்த பிறகே முத்திரை. லைனில் ஒருத்திக்கும் காரணம் புரியவில்லை. டிராயர்களைத் திறந்து திறந்து பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் எனக்குச் ‘செக்ரோல்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள் என்பது வெகு காலம் கழித்துத் தெரிந்தது. அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார். ஒருவேளை நான் திறந்தது எல்லாம் ஒரே டிராயர்தானோ என்று இப்போது தோன்றுகிறது. அந்தப் பெண்களில் பலர் பிலோவைப் பார்த்ததே இல்லை.

பிறகு கேமரா வந்தது. ஓர் இயந்திரம், மேலே கண், கீழே பலகை. பலகை நுழையும், பச்சை விளக்கு எரியும், போய்விடும். அதற்கு எண் இல்லை. யார் பார்த்தது என்று கேட்டால் இயந்திரம் என்பார்கள், இயந்திரத்தை லாக்கர் அறைக்கு இழுத்துப் போய்ப் பேச முடியாது. முத்திரைகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுச் சேமிப்பறையில் வைத்தார்கள். டின் துருப்பிடித்தது. கேசட் ரேடியோவை உலகம் நிறுத்தியது, பெக்டரியும் நிறுத்தியது. போன வருடம் விமான நிலையச் சாலையில் போகும்போது பார்த்தேன். இணையத்தில் வாங்கும் பொருட்களுக்கான கிடங்காகியிருக்கிறது. வாசலில் ஜாகா இல்லை, அட்டையைக் காட்டினால் உயரும் ஒரு கம்பி இருக்கிறது. கருவாட்டில் அதற்கு எந்த ஆர்வமும் இருக்காது. பஸ்ஸில் செக்கர் ஏறுவதில்லை, செக்ரோல் எழுதும் கிராணி இல்லை, பெரட்டுக்களத்தில் வீட்டுமனைகள் வந்துவிட்டன. அந்தச் சொல் மட்டும் இருக்கிறது. கைப்பேசியில் எதை அனுப்பினாலும் மூலையில் ஒரு சின்னக் குறி விழுகிறது. பார்த்தாச்சாம். பார்த்தார்களா என்பது வேறு விஷயம்.

பிலோவை நான் அப்புறம் பார்க்கவில்லை. இரண்டு மூன்று முறை பாலோ வழியாகப் போயிருக்கிறேன். கடைகள் இருந்தன, கல்லாக்கள் இருந்தன. காரை நிறுத்தவில்லை. மழை என்று ஒரு முறை, நேரமில்லை என்று ஒரு முறை. இன்னொரு முறைக்குக் காரணம் இன்னும் தயாராகவில்லை.

பெக்டரியில் அவளுடைய கடைசி நாளன்று அவளைக் கூலாய் பஸ் நிலையம் வரை கொண்டுபோய் விட்டேன். ஒரு பெட்டி, ஒரு பை, அந்தச் சின்ன விசிறி. விசிறி எதிலும் அடங்கவில்லை, குழந்தையைப் போல இடுப்பில் வைத்திருந்தாள். அவள் ஊர்ப் பக்கம் போகும் குளுவாங் பஸ் வர அரை மணி நேரம் இருந்தது. பாகு ஊற்றிய ஐஸ் காச்சாங் ஒரு கிண்ணம் வாங்கி இரண்டு கரண்டி போட்டுச் சாப்பிட்டோம். சிவப்புப் பாகெல்லாம் அவள் பக்கம் போகும்படி நான் கிண்ணத்தைச் சாய்த்துக்கொண்டே இருந்தேன்.

“என்னாடி எனக்கே தள்ளுற? ஏதாச்சும் குத்தம் பண்ணியா?” என்றாள்.

“இல்ல… ஒண்ணு சொல்லணும்.”

“அழுவுற மாதிரி ஏதாச்சும்னா எழுதி அனுப்பு. எங்கண்ணி மொதல்ல படிச்சிட்டு அழுவட்டும்.”

பஸ் வந்துவிட்டது. நான் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். அவள் படியில் ஏறி, விசிறியை இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் தலையை வெளியே நீட்டினாள். முகத்தில் கிண்டல் இல்லை. பலகையைப் பார்க்கும்போது சாய்ப்பாளே, அப்படித் தலையைச் சாய்த்திருந்தாள். என்னைத்தான் பார்த்தாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்தத் தட்ட நீ பாத்ததானே?”

டிரைவர் கதவை மூடினார். நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாக்கியம் முழுதாக வாயில் இருந்தது.

“பாத்தேன்டி.”

தலை நிமிர்ந்தது. முகம் ஒரு விதமாகத் தெளிந்தது, பத்து நாளாக எங்கோ இடறிக்கொண்டிருந்த ஒன்று அடங்கிவிட்டதைப் போல.

“அப்ப சரி லா” என்றாள். “நீ பாத்தே தெரியலன்னா, நான் இருந்து பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது.”